படித்துப் பார்த்தேன்

ஒரு மனுசனுடைய மானத்துக்கு அருப்புக்கோட்டையில் என்ன விலை என்று யாராவது கேட்டால், தமீம் அன்சாரியால் பைசா பிசகாமல் சொல்ல முடியும். எட்டு ரூபாய். தட்டச்சுக்குப் பன்னிரண்டு, படித்துப் பார்க்க எட்டு, ஆக பக்கத்துக்கு இருபது என்று அவனே போட்ட விலை அது. நாற்பத்தேழாம் பக்கத்தைப் படித்துப் பார்ப்பதற்கான எட்டு ரூபாயை முன்பணத்தோடு சேர்த்தே வாங்கிப் பையில் போட்டுக்கொண்டான். பக்கத்தைத்தான் படிக்கவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில், செருப்புக் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் எட்டுக்குப் பத்து இடம்தான் அவன் கடை. மனு, பயோடேட்டா, கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அங்கே அடிபடும். அவனுடைய அத்தா மீரா சாகிபு பஜாரில் பாத்திரக் கடை வைத்திருந்தவர். ஓர் அண்டாவை விற்பதற்குள் அதை மூன்று தரம் கவிழ்த்து, நாலு இடத்தில் தட்டி ஓசை காட்டி, "கட்டுப்படியாகாதும்மா, விட்டுருங்க" என்று உள்ளே தூக்கிப் போய், மறுபடியும் தூக்கி வருவார். அவர் தூக்கிச் சுமந்த சுமையைப் பார்த்தே வாங்க வந்தவர்கள் பத்து ரூபாய் ஏறி வருவார்கள். அந்தக் கடையில் வளர்ந்தவனுக்கு, வேர்வை தெரியாத வேலைக்கு எவனும் காசு தரமாட்டான் என்பதை யாரும் தனியாகச் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

சங்கடம் என்னவென்றால், தமீம் செய்கிற வேலையில் வேர்வையே கிடையாது. அவனிடம் ஓர் இலவசக் கருவி இருந்தது. பட்டனும் படமும் இல்லாத வெறும் கறுப்பு ஜன்னல். அதில் ஒரே ஒரு வரி அடிக்க வேண்டும்: எந்தக் கோப்பு, எந்த வடிவத்துக்கு மாற வேண்டும், புதுக் கோப்புக்கு என்ன பெயர். எண்டரைத் தட்டினால் தும்மி முடிப்பதற்குள் வேர்டில் இருந்தது அச்சகத்துக்கான கோப்பாகிவிடும், அச்சுக்கோப்பு மின்னூலாகிவிடும், தலைப்பு தலைப்பாக, அடிக்குறிப்பு அடிக்குறிப்பாக, பூ மாதிரி வந்து நிற்கும். வாடிக்கையாளர் படியேறினால் அந்த ஜன்னலைச் சுருக்கிக் கீழே தள்ளிவிட்டு, விசைப்பலகையை மேலும் கீழுமாகத் தட்டிக்கொண்டு, "வாங்க, உக்காருங்க, முதுகு ஒடியுது" என்பான்.

தை மாதத்தில் அவனைத் தேடிக்கொண்டு சுகந்தி டீச்சர் வந்தார். திருச்சுழியைத் தாண்டி நரிக்குடி ரோட்டில் ஓர் அரசு நடுநிலைப்பள்ளியில் வேலை. முப்பத்தெட்டுப் பிள்ளைகளை 'எங்க அப்பா' என்ற தலைப்பில் எழுத வைத்து, அத்தனையையும் பள்ளிக்கூட லேப்டாப்பில் தானே அடித்துத் திருத்தி, ஒரு பென் டிரைவில் கொண்டுவந்திருந்தார். ஆண்டு விழாவுக்குப் புத்தகமாக வேண்டும். நூற்றைம்பது பிரதி.

தமீம் கோப்பைத் திறந்தான், உதட்டைப் பிதுக்கினான். அண்டாவை உள்ளே தூக்கிப் போகிற அதே பிதுக்கல்.

"டீச்சர், இது வேர்டு ஃபைலு. அப்படியே பிரஸ்ஸுக்குக் குடுத்தா எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாப் போயிரும். முதல்லேருந்து கையால அடிக்கணும்."

"அய்யய்யோ! நான் அடிக்கவே நாலு மாசம் ஆச்சே பாய்."

"எனக்கு மூணு வாரம் குடுங்க. பக்கத்துக்கு இருபத்தஞ்சு."

"பதினஞ்சு போட்டுக்கங்க. சின்னப் புள்ளைக எழுதுனது."

"சின்னப் புள்ளைக எழுதுனா எழுத்து சின்னதாவா டீச்சர் இருக்கு?"

டீச்சர் சிரித்துவிட்டார். சிரித்தால் இருபதுக்கு வந்துவிடுவார்கள் என்பது கணக்கு. வந்தார். ஆனால் ஒரு நிபந்தனையோடு வந்தார்.

"ஒவ்வொரு பக்கத்தையும் நீங்களே படிச்சுப் பாத்து, அடியில 'படித்துப் பார்த்தேன்'னு கையெழுத்துப் போட்டுத் தரணும். எங்க மேலாண்மைக் குழுவுல தீர்மானம் போட்டுருக்கோம். புள்ளைக சமாச்சாரம் பாருங்க, ஒண்ணு கிடக்க ஒண்ணு அச்சாயிரக் கூடாது. அதுவும் இதுக்குப் பெரும்பணம் குடுத்தது எங்க ஊரு செல்லப்பாண்டி. துபாயில சூப்பர்வைசரா இருக்காரு. லீவுல வந்து விழாவுல முன்வரிசையில உக்காருவாரு. அவரு மக மாரிக்கனியும் எழுதியிருக்கா."

"நீங்க சொல்லாட்டியும் நான் படிப்பேன் டீச்சர். நம்ம கடை வழக்கம் அது. அந்த இருபதுல அடிக்கப் பன்னெண்டு, படிக்க எட்டு" என்றான் தமீம்.

டீச்சர் ஏறிய திருச்சுழி பஸ்ஸு, ஸ்டாண்டை விட்டு வெளியேறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. கட்டளையைப் புதிதாக அடிக்கக்கூட இல்லை. பழையது ஒன்றைக் குறிப்பேட்டுக் கோப்பில் சேமித்து வைத்திருந்தான். அதை எடுத்து ஒட்டிக் கோப்பின் பெயரை மட்டும் மாற்றினான்.

அந்தப் பழைய கட்டளைக்கு ஒரு வரலாறு உண்டு. போன வருசம் ஒரு வக்கீலுக்கு இதே மாதிரி கோப்பு மாற்றிக் கொடுத்தபோது, ஓரத்தில் சீனியர் எழுதியிருந்த குறிப்புகள் ஒன்றுகூட வரவில்லை. கருவியின் இயல்பு அப்படி. திருத்தியதை ஏற்றுக்கொள்ளும், அழித்ததையும் ஓரக்குறிப்பையும் உதறிவிடும். வக்கீல் கடை வாசலில் நின்று சத்தம் போட்ட சத்தத்தில் செருப்புக் கடைக்காரர் பாதி ஷட்டரை இறக்கிவிட்டார். அதற்குப் பிறகு தமீம் தேடிப் பிடித்துக் கட்டளையில் ஒரு சொல்லைச் சேர்த்தான். சேர்த்தது, அழித்தது, ஓரத்தில் எழுதியது எல்லாவற்றையும் கொண்டுவா என்று பொருள்படும் சொல். தராசில் கூடினால் எவனும் சண்டைக்கு வரமாட்டான், குறைந்தால்தான் வருவான் என்று அதை அப்படியே நிரந்தரமாக வைத்துக்கொண்டான்.

மூன்று வாரம் கோப்பை ஊறப்போட்டான். நடுவில் டீச்சர் போன் செய்தார்.

"எந்த மட்டுல இருக்கு பாய்?"

"நாப்பதாவது பக்கம் டீச்சர். கண்ணு எரியுது."

"அச்சச்சோ. மெதுவாச் செய்யுங்க. உடம்பக் கெடுத்துக்காதீங்க."

கடைசி நாள், ஒரு டீயும் இரண்டு வடையும் தீர்வதற்குள் எண்பத்துநாலு பக்கத்துக்கும் கையெழுத்துப் போட்டான். முதல் பத்துப் பக்கம் தமீம் அன்சாரி என்று முழுசாக இருந்தது. பிறகு தமீம் ஆனது. வடை தீர்ந்த இடத்தில் வெறும் 'த' ஆகி, அதற்கும் வால் தேய்ந்து ஒரு சுழி மட்டும் மிஞ்சியது.

மாசி மாதம் ஆண்டு விழா. சாமியானாவுக்குள் வெக்கை தாங்கவில்லை. செல்லப்பாண்டி முன்வரிசை நடுவில் உட்கார்ந்திருந்தார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, பையில் ஒரு பேனா, நாலு வரிசைக்கு மணக்கும் செண்டு. அவருடைய அப்பா அந்த ஊர்க்காரர்கள் காட்டில் கூலிக்குக் களை வெட்டியவர். அந்தக் காலத்தில் அவரை யாரும் உட்காரச் சொன்னது கிடையாது. இன்றைக்கு மகனுக்குக் கைவைத்த நாற்காலி. கைவைத்தது அது ஒன்றுதான் என்பதால், வழக்கமாக அதில் உட்காரும் உரக்கடை அழகுராஜாவுக்குக் கையில்லாத நாற்காலி போட்டிருந்தார்கள். அழகுராஜா கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்திருந்தார்.

தமீமுக்கு மேடையிலேயே இடம். டீச்சர் மைக்கைப் பிடித்தார்.

"இந்தப் புத்தகத்துல உள்ள ஒவ்வொரு எழுத்தையும் தமீம் பாய் தன் கையால அடிச்சிருக்காரு. ஒவ்வொரு வரியையும் படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போட்டிருக்காரு. கண்ணு எரியுதுனு சொன்னாரு, ஆனா விடல. புள்ளைகளா, கை தட்டுங்க."

கை தட்டினார்கள். தோளில் ஒரு சரிகைத் துண்டு விழுந்தது. தமீம் கண்ணை லேசாகச் சுருக்கிக்கொண்டான், எரிந்த கண் என்பதால்.

பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து தன் பக்கத்தைப் படிக்க வேண்டும் என்று ஏற்பாடு. தனுஷ் என்கிற ஆறாம் வகுப்புப் பையன் முதலில் வந்தான். "எங்க அப்பா வாரத்தில் இரண்டு நாள் வேலைக்குப் போவார். எங்க அப்பா தினமும் வேலைக்குப் போவார்" என்று ஒரே மூச்சில் படித்தான். கூட்டம் கொல்லென்று சிரித்தது. தனுஷின் அப்பாவே பக்கத்து ஆளின் தொடையில் தட்டிச் சிரித்தார். பயல் தடுமாறிப் படிக்கிறான் என்று தமீம் நினைத்துக்கொண்டான். டீச்சர் மட்டும் புருவத்தைச் சுருக்கித் தன் பிரதியைப் புரட்டத் தொடங்கினார். அதற்குள் மாரிக்கனி மைக்குக்கு வந்துவிட்டாள்.

ஏழாம் வகுப்பு. இரட்டைச் சடை, ரோஸ் ரிப்பன். நாற்பத்தேழாம் பக்கத்தை விரித்தாள்.

"எங்க அப்பா பெயர் செல்லப்பாண்டி" என்று தொடங்கியவள் சட்டென்று நின்றாள். கண் அகல விரிந்தது. டீச்சரைத் திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தாள். கேட்டுக் கிடைக்காது என்று விட்ட பொருள் கைக்கு வந்துவிட்ட சிரிப்பு. பிறகு குரலை உயர்த்திப் படித்தாள்.

"எங்க அப்பா துபாயில் ஒரு பெரிய மாலில் கக்கூஸ் கழுவுகிறார். கழுவி முடித்ததும் கதவுக்குப் பின்னால் தொங்கும் அட்டையில் மணி எழுதிக் கையெழுத்துப் போடுவார். ஒரு நாளைக்குப் பதினெட்டுக் கையெழுத்து. அந்தக் கதவு முழுக்க எங்க அப்பா பெயர்தான். வெளியே யாராவது கேட்டால் சூப்பர்வைசர் என்று சொல்ல வேண்டும் என்று அம்மா சொல்லியிருக்கிறது. எங்க அப்பா துபாயில் ஒரு பெரிய கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறார்."

சாமியானாவை ஒட்டிய ஓலைத்தட்டியில் ஒரு காக்கை கொத்துகிற சத்தம் கேட்டது. அழகுராஜாவின் கைக்கு ஒருவழியாக வேலை கிடைத்தது. இரண்டு கையையும் சேர்த்து ஒரு தட்டுத் தட்டினார்.

"ஏலே சூப்பர்வைசரு! மொத்தம் எத்தன கதவுலே உன் பொறுப்புல?"

அதுவரை அடக்கியிருந்தவர்களும் சிரித்தார்கள். பின்வரிசையில் செல்லைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். செல்லப்பாண்டி உடனே எழுந்திருக்கவில்லை. முகத்தில் ஏற்கெனவே வைத்திருந்த சிரிப்பை எடுக்க மறந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். நாற்காலிக் கையைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் வெளுத்தன. பிறகு எழுந்து, சட்டையை இழுத்துவிட்டு, பந்தலின் பக்கவாட்டு வழியாக நடந்தார். அவர் மனைவி சுமதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் போனாள்.

"அப்பா, நான் இன்னும் முடிக்கலப்பா!" என்றாள் மாரிக்கனி, மைக்கில்.

டீச்சர் மேடையில் தமீமிடம் குனிந்தார். "பாய், இத நான் எடுத்துட்டேனே. சூப்பர்வைசர் வரி மட்டும்தான வச்சிருந்தேன். நீங்க படிச்சுத்தான போட்டீங்க?"

"உங்க ஃபைலுல இருந்துச்சு டீச்சர்" என்றான் தமீம். "இருந்தத அடிச்சேன்."

முதல் பாதி உண்மை. அது உண்மையாக இருந்ததுதான் அதில் இருந்த கேவலமெல்லாம். டீச்சரின் முகம் சுருங்கிப்போனது. தன் தலையிலேயே ஒரு தட்டுத் தட்டிக்கொண்டு அவர் கீழே இறங்கிப் போனபோது, தமீம் தோளில் துண்டோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

திரும்புகிற பஸ்ஸில் முதல்முறையாக அந்தப் புத்தகத்தைப் படித்தான். துண்டை மடித்துப் பைக்குள் போடப் பார்த்தான், பை கொள்ளவில்லை. மடியில் போட்டான், கண்டக்டர், "என்ன பாய், எங்கயும் பாராட்டு விழாவா?" என்றார். அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டான்.

கூர்ந்து படிக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. பக்கத்துக்குப் பக்கம் அப்பட்டமாகக் கிடந்தது. "கடன்காரர் வந்தால் எங்க அப்பா கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொள்வார். எங்க அப்பா யாருக்கும் பயப்பட மாட்டார்." அடுத்ததில், "எங்க அப்பா முறுக்கு வாங்கி வருவார் என்று எழுதியிருக்கிறேன், ஆனால் வாங்கி வந்ததில்லை." ஒரு பக்கத்தின் உச்சியில் டீச்சர் தனக்குத்தானே எழுதிவைத்த ஓரக்குறிப்பு கட்டுரையின் முதல் வரி போல நின்றது: "அப்பா இல்லாத பிள்ளை. மாமாவைப் பற்றி எழுதச் சொல்ல வேண்டும்." அதற்குக் கீழே அந்தப் பிள்ளை மாமாவைப் பற்றி எழுதியிருந்தது. அதற்கும் கீழே, அச்சான கையெழுத்தாக அவனுடைய சுழி. பிழை வந்தால் பொறுப்பு யாருக்கு என்று தெரியட்டும் என மேலாண்மைக் குழு கையெழுத்தோடே அச்சிடச் சொல்லியிருந்தது.

கடைக்கு வந்து கோப்பைத் திறந்ததும் விளங்கிவிட்டது. பள்ளிக்கூட லேப்டாப்பில் திருத்தங்களைப் பதிந்துவைக்கும் வசதியை யாரோ எப்போதோ முடுக்கிவிட்டிருக்கிறார்கள். டீச்சர் அழித்த வரிகள் அழியாமல், 'இது அழித்தது' என்ற அடையாளத்தோடு உள்ளேயே படுத்திருந்தன. அவர் திரையில் தெரியாது. வக்கீலுக்கு மாற்றிய வடிவத்தில் அந்த அடையாளங்கள் நிறத்தோடு வந்தன. அச்சகத்துக்கான வடிவத்தில் அடையாளம் உதிர்ந்துபோய், வரிகள் மட்டும் நல்ல வரிகளோடு தோளுரசி நின்றுவிட்டன. எல்லாவற்றையும் கொண்டுவா என்றான், கொண்டுவந்தது. கருவியைக் குறை சொல்ல முடியாது. சொன்ன வேலையைச் செய்தது அந்தக் கடையில் அது ஒன்றுதான்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் பள்ளிக்கூடத்துக்குப் போனான். டீச்சர் வராந்தாவில் வருகைப் பதிவேட்டோடு நின்றார். இவனைப் பார்த்ததும் அவரே முந்திக்கொண்டார்.

"உங்க மேல ஒண்ணும் இல்ல பாய், நீங்க சங்கடப்படாதீங்க. விடியவும் செல்லப்பாண்டி வீட்டுக்குப் போய், நான்தான் அழிக்க மறந்துட்டேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். அவரு வெளிய வரல. சுமதிகிட்டதான் சொன்னேன். கதவப் பாதி தொறந்து கேட்டுக்கிட்டா."

வரும்போது தமீம் இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தான். எல்லாவற்றிலும் கொஞ்சம் டீச்சர் பக்கமும் தப்பு வருகிற மாதிரி ஒரு வளைவு இருந்தது. இப்போது அந்த வளைவுக்கெல்லாம் வேலையில்லாமல் போய்விட்டது.

"நீங்க அழிச்சிருந்தீங்க டீச்சர். நான்தான் அடிக்கல."

"எத?"

"எதையுமே."

கறுப்பு ஜன்னலைச் சொன்னான். ஒற்றை வரியைச் சொன்னான். டீச்சரின் பஸ்ஸு கிளம்புவதற்குள் முடிந்ததைச் சொன்னான். டீச்சர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தான். கோபத்தோடு பேரம் பேசலாம். அவர் பதிவேட்டை மூடி நெஞ்சோடு வைத்துக்கொண்டு யோசித்தார்.

"அப்ப, கண்ணு எரியுதுனு சொன்னீங்களே?"

தமீம் சட்டைப் பைக்குள் கையை விட்டுப் பணத்தை எடுத்தான்.

"நீங்க சொன்ன மறுநாளே பிரேயர்ல புள்ளைகளுக்குச் சொன்னேன் பாய். ஒருத்தர் உங்களுக்காகக் கண்ணு எரிய எரிய வேல செய்யறாருனு."

பணத்தை நீட்டினான். ஆயிரத்து அறுநூற்று எண்பது. டீச்சர் அதில் அறுநூற்று எழுபத்திரண்டு மட்டும் எண்ணி எடுத்தார். "அடிக்கக் குடுத்தது நான் ஏமாந்தது, அது என்னோட போகட்டும். படிக்கக் குடுத்தது புள்ளைக காசு" என்றார்.

கட்டளையில் அந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டு மறுபடியும் ஓட்டினான். இந்தத் தடவை எண்பத்துநாலு பக்கத்தையும் விரல் வைத்து வரி வரியாகப் படித்தான். நாலு நாள் ஆயிற்று. கண் உண்மையிலேயே எரிந்தது; யாரிடமும் சொல்லவில்லை. புதுப் பிரதி நூற்றைம்பது தன் செலவில் அடித்தான். பள்ளிக்கூடப் பீரோவில் இருந்த பழையவற்றை அள்ளிச் சாக்கில் கட்டினான். வீடுகளுக்குப் போனவற்றை ஒன்றுக்கு ஒன்று மாற்றித் தருவதாகக் கிளம்பினான்.

தனுஷின் அப்பா, "வாரத்துல ரெண்டு நாளுங்கறது நெசந்தான பாய், இருந்துட்டுப் போகட்டும்" என்றார். அவர் மனைவி உள்ளேயிருந்து, "அந்த ரெண்டு நாளும் எதுனு இவரக் கேளுங்க" என்றாள். அவர் சட்டென்று புத்தகத்தை எடுத்து நீட்டினார். அப்படியே ஒவ்வொரு வீடாகக் கொடுத்தார்கள். சில வீட்டில் டீ கொடுத்தார்கள். டீயைக் குடிப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

அழகுராஜாவின் பிரதி உரக்கடை மேசையில் நாற்பத்தேழாம் பக்கம் விரிந்தபடி, காற்றில் புரளாமல் இருக்க யூரியாப் பொட்டலம் வைக்கப்பட்டுக் கிடந்தது. கடையில் ஆறேழு பேர் நின்றார்கள்.

"இத எப்படிப் பாய் குடுக்கறது? இது வந்த பெறகு கடையில கூட்டம் கூடியிருக்குல்ல."

"என்ன வேணும் சொல்லுங்க."

"என்ன நடந்துச்சுனு நீரே சொல்லிட்டு எடுத்துக்கிரும். டீச்சரு தன் தப்புங்கறாக, செல்லப்பாண்டி வீட்டுல புள்ளையத் திட்டுறாக, நீரு புஸ்தகம் மாத்திக்கிட்டு அலையிறீரு. யாரு தப்பு?"

அருப்புக்கோட்டைக்கு மனு அடிக்க வருகிற ஆட்கள்தான் அங்கே நின்ற ஆறேழு பேரும். சொன்னால் கடையின் கதை முடிந்தது என்று தமீமுக்குத் தெரியும். பிறந்ததிலிருந்து சொன்ன விலைக்கு ஒரு பொருளையும் அவன் வாங்கியதில்லை. இதை வாங்கினான்.

"படிச்சுப் பாக்கக் காசு வாங்கினேன். படிக்கல. படிச்சேன்னு எண்பத்துநாலு கையெழுத்துப் போட்டேன். அந்தப் பக்கத்துல சிரிக்கறதுக்கு ஒண்ணு இருக்குனா அது அடியில இருக்கற அந்தச் சுழிதான். அதப் பாத்துச் சிரிங்க."

சிரித்தார்கள். நன்றாகவே சிரித்தார்கள். அழகுராஜா பொட்டலத்தை நகர்த்தினார்.

கடைசியாக மிஞ்சியது செல்லப்பாண்டி வீடு. இரண்டு தடவை தெருமுனை வரை போய்த் திரும்பினான். மூன்றாம் தடவை மாரிக்கனியே வாசலில் நின்று பார்த்துவிட்டாள். "அப்பா, புஸ்தகப் பாய்!"

செல்லப்பாண்டி பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். லீவு இன்னும் பதினைந்து நாள் இருந்தது. டிக்கெட்டை முன்னால் மாற்றிவிட்டார். கைலியும் பனியனுமாக, செண்டு வாசனை இல்லாமல் இருந்தவரைப் பார்க்க வேறு ஆள் போல இருந்தது. "வாங்க பாய்" என்றார். உட்காரச் சொல்லவில்லை.

தமீம் சொன்னான். இந்தத் தடவை சொல்வதற்கு நாலு வாக்கியம்தான் ஆனது. சொல்லிவிட்டுப் புதுப் புத்தகத்தை நீட்டினான். மாரிக்கனி அதை வெடுக்கென்று வாங்கி நாற்பத்தேழைப் பிரித்தாள். படித்தாள். முகம் விழுந்தது.

"இதுல கையெழுத்தெல்லாம் இல்ல. கதவும் இல்ல."

"எடுத்துட்டோம் தாயி" என்றான் தமீம்.

"எதுக்கு? அது நான் எழுதுனது."

செல்லப்பாண்டி ஒரு சட்டையை மடித்துப் பெட்டிக்குள் வைத்தார்.

"புஸ்தகத்த மாத்திட்டீக. செல்லுல போனத மாத்த முடியுமா பாய்? ஷார்ஜாவுல இருக்கற எங்க ஊருப் பய நேத்துப் போனப் போட்டுச் சிரிக்கிறான். அவனும் அங்க என்ன பண்றான்னு எனக்குத் தெரியும். நான் சிரிச்சதில்ல."

"தப்பு என்னோடது அண்ணே. என்ன செய்யச் சொன்னாலும்..."

"ஒண்ணும் செய்ய வேணாம்." அவர் பழைய பிரதியை எடுத்தார். நாற்பத்தேழாம் பக்கத்தில் ஒரு பஸ் டிக்கெட் அடையாளமாகச் செருகியிருந்தது. அடியில் இருந்த சுழியின் மேல் கட்டைவிரலை வைத்தார். "இது நீங்களா?"

"ஆமா."

"பேரே தெரியலயே. என் கையெழுத்த முழுசாப் போடணும், சூப்பர்வைசரு வந்து பாப்பாரு. நெசமான சூப்பர்வைசரு." லேசாகச் சிரித்தார், சிரிப்பு உடனே போய்விட்டது. "பதினோரு வருசமாக் கழுவுறேன். காய்ச்சலு வந்திருக்கு. எங்க அய்யா செத்த சேதி வந்த அன்னைக்குக்கூட டூட்டி பாத்தேன். கழுவாம ஒரு கையெழுத்துப் போட்டதில்ல பாய்."

தமீமின் கண் தன்னால் அந்தச் சுழிக்குப் போனது. பார்க்க முடியாமல் தரைக்கு வந்தது.

"அதக் குடுத்துருங்கண்ணே. ஒண்ணுக்கு ஒண்ணு மாத்தறேன்" என்றான். கேட்டபிறகுதான் இது கேட்கிற விஷயமே இல்லை என்று உறைத்தது.

"இத நான் கொண்டுபோறேன். எம் மக எழுதுனது இதுலதான் இருக்கு." பழைய புத்தகம் பெட்டிக்குள் சட்டைகளுக்கு நடுவில் போனது. புதியதை மாரிக்கனியின் கையிலிருந்து வாங்கி, மெதுவாக, சண்டை எதுவும் இல்லாமல், தமீமின் கையிலேயே திருப்பி வைத்தார். "பஸ்ஸுக்கு நேரமாயிரும். போங்க."

ரோட்டுக்கு வந்து, பஸ் வருகிற வரைக்கும் சாக்குமூட்டையின் மேல் உட்கார்ந்து, அந்தப் புதுப் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதினான். வியாபாரி வீட்டுப் பிள்ளை. மூட்டையைத் தூக்குமுன் கணக்கு எழுதாமல் தூக்கிப் பழக்கமில்லை.

போட்ட கையெழுத்து எண்பத்துநாலு. அன்றைக்குப் படித்தது இல்லை. அடித்த புத்தகம் நூற்றைம்பது. பள்ளிக்கூடப் பீரோவிலிருந்து நூற்றெட்டு. வீடுகளிலிருந்து நாற்பது. உரக்கடையிலிருந்து ஒன்று. ஆக நூற்று நாற்பத்தொன்பது.

பாக்கி ஒன்று. அடியில் கையெழுத்துப் போட்டான். தமீம் அன்சாரி, முழுசாக.